சுமைதாங்கி: மாதுங்கா முதல் செம்பூர் வரை

தென்பாண்டி நாட்டின் பழைய சாலைகளில் நடந்து பழகியவர்கள் சுமைதாங்கிக் கற்களைக் கண்டிருப்பார்கள். இரண்டு கற்களை நிமிர்த்தி நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடையாக ஏற்றியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவன் பிறர் கையை எதிர்பாராமல் அந்தக் கல்லின்மேல் சுமையை இறக்கி வைக்கலாம். சற்று இளைப்பாறியபின் தானே தலையில் ஏற்றிக்கொண்டு மேலே நடக்கலாம். கருவுற்ற நிலையில் உயிர்நீத்த பெண்களின் நினைவாக அவற்றை நடும் வழக்கம் இருந்தது. பேருந்தும் லாரியும் வந்தபின் அக்கற்களுக்கு வேலையில்லாமற் போயிற்று. மனிதனுடைய சுமைக்கோ குறைவு ஏற்படவில்லை.

மும்பை மாநகரில் நம் மக்கள் பெருவாரியாக வாழும் மூன்று பகுதிகள் மாதுங்கா, தாராவி, செம்பூர் என்பன. நேயர்களுள் பலர் இம்மூன்றையும் நன்கு அறிந்தவர்களே. ஆதலின் ஊர்ப் பெருமையை எடுத்துரைப்பது நம் நோக்கமன்று. கஷ்டகாலம் வந்துற்றபோது இங்கு வாழ்ந்தோர் எவற்றை இறக்கி வைத்தனர், எவற்றை இறுகப் பற்றினர் என்று கேட்டறிவதற்காகவே சென்ற சில ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் இத்தெருக்களில் நடந்தோம். இதற்கு ஒரு காரணமும் உண்டு. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கென 2024 மார்ச் மாதம் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கிற்று. மாதுங்காவிலும் செம்பூரிலும் பழைய மாடிக் கட்டடங்களை இடித்துப் புதுக் கட்டடங்கள் எழுப்புகிறார்கள். வீடு மாறவேண்டிய வேளை நம்மவர் பலருக்கு வந்துவிட்டது, வரப்போகிறது. வீட்டைக் காலி செய்கிறவன் பரணில் உள்ளதைக் கீழே இறக்கித்தான் ஆகவேண்டும். இறக்கியதை எல்லாம் மறுபடியும் ஏற்ற வேண்டுமா என்பதே கேள்வி.

மாதுங்காவின் பரண்கள்

மாதுங்கா என்னும் குடியிருப்பே ஒரு பெருந்துன்பத்தின் விளைவாகப் பிறந்தது. 1896ஆம் ஆண்டில் பம்பாய் நகரில் பிளேக் நோய் பரவிற்று. நெருக்கமான தெருக்களில் மக்கள் மாண்டனர்; எண்ணற்றோர் நகரைவிட்டு ஓடினர். 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. அதிகாரிகள் வீடுகளுக்குள் புகுந்து நோயாளிகளைத் தனியே கொண்டு சென்றனர்; நோய் ஒட்டியிருக்கலாம் என்று கருதிய துணிமணிகளையும் படுக்கைகளையும் தீயிட்டனர். தாமாக விட மனம் வராதவற்றைப் பிறர் வந்து பறித்து எரித்த காலம் அது. 1898இல் நகரச் சீரமைப்புக்கென ஒரு டிரஸ்டு நிறுவப்பட்டது. காற்றும் வெளிச்சமும் உள்ள குடியிருப்புகள் வேண்டுமென்று தாதர், மாதுங்கா, சயான் பகுதிகளில் அகன்ற சாலைகளை வகுத்து, மரங்களை நட்டு, மனைகளைப் பிரித்தவர்கள் அந்த டிரஸ்டாரே.

அம்மனைகளில் எழுந்த வீடுகளுக்குத் தென்னாட்டிலிருந்து குமாஸ்தாக்களும், கணக்கர்களும், சுருக்கெழுத்தாளர்களும் குடிவந்தனர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிற்று. 1942இல் இரயில் நிலையத்தை அடுத்து ராமநாயக்கரின் உடுப்பி உணவுச்சாலை இலை போடத் தொடங்கிற்று. தனி ஆளாக வந்தவர்களுக்கு அக்காலத்தில் ஒரு பெட்டியும் ஒரு படுக்கையுமே உடைமை. பிறகு திருமணம் ஆயிற்று, சீர் வந்தது, தவலையும் அண்டாவும் அடுக்கும் வந்தன. வீடு பெருகவில்லை, பாத்திரம் பெருகிற்று. ஆகவே பரண் நிறைந்தது.

மாதுங்காவின் ஒரு பழைய வீட்டில் பரணை ஒழித்தபோது நாம் உடன் இருந்தோம். கட்டடம் இடிபடவிருந்தது, குடியிருந்தோர் சில ஆண்டுகளுக்கு வேற்றிடத்தில் சிறு வாடகை வீட்டில் தங்கவேண்டும். எட்டுப் பித்தளை அண்டாக்கள், இரண்டு கங்காளங்கள், ஒரு தம்பூரா, நாலு பெட்டி கொலுப்பொம்மைகள், கட்டுக்கட்டாகப் பழைய பத்திரிகைகள் இறங்கின. “இவையெல்லாம் எதற்காக வைத்திருந்தீர்கள்?” என்று கேட்டோம். “பெண் கல்யாணத்துக்கு” என்றார் அம்மையார். பெண்ணுக்குத் திருமணமாகி இருபது ஆண்டுகள் ஆகின்றன. அவள் இருப்பது கடல் கடந்த நாட்டில். அங்கே அண்டாவை ஏற்றும் அடுப்பும் இல்லை. அண்டா நிறையச் சோறு உண்ணும் பந்தியும் இல்லை.

அந்தக் குடும்பத்தார் செய்தது நமக்குப் பிடித்திருந்தது. அண்டாக்களை அன்னதானம் நடக்கும் ஒரு கோயில் மடைப்பள்ளிக்கு அளித்தார்கள். தம்பூராவைப் பாட்டுக் கற்கும் அண்டை வீட்டுச் சிறுமியிடம் கொடுத்தார்கள். கொலுப்பொம்மைகளை உறவினர் வீடுகளுக்கு ஒவ்வொரு தொகுதியாகப் பிரித்துத் தந்தார்கள். மரப்பாச்சி இணையை மட்டும் தமக்கென வைத்துக்கொண்டார்கள். நவராத்திரியில் அந்த உறவினர் வீடுகளுக்குச் சென்றால் தம் பொம்மைகள் ஒன்பது நாளும் படியேறி நிற்பதைக் காணலாம். பரணில் இருந்த காலத்தில் பெட்டியைத் திறக்கவே ஆளில்லாமல் எத்தனையோ நவராத்திரிகள் கழிந்தன என்று அம்மையார் கூறினார்.

பழையதை வெளியே தள்ள இந்நகரில் வேறு வழியும் உண்டு. கூடை நிறையப் பாத்திரங்களோடு பெண்கள் படியேறி வருவார்கள். பழைய புடவைகளையும் கால்சட்டைகளையும் வாங்கிக்கொண்டு எவர்சில்வர்ப் பாத்திரம் கொடுப்பார்கள். அந்தத் துணிகள் பழந்துணிச் சந்தைக்குச் சென்று, துவைத்துத் தைக்கப்பட்டு, மற்றொருவர் உடம்பை மூடும். நாம் கவனித்தது ஒன்று: துணியைக் கொடுத்துப் பாத்திரம் வாங்கினால் பரண் ஒழிவதில்லை, மறுபடியும் நிறைகிறது. இடம் வேண்டியவர்கள் பண்டமாற்றுச் செய்யாமல் வெறுங்கையுடன் நிற்கச் சற்றே பழகவேண்டும்.

தாராவியில் தண்ணீர் கற்பித்த பாடம்

மாதுங்காவிலிருந்து இருப்புப்பாதையைக் கடந்து மேற்கே சென்றால் லேபர் கேம்பு. அதை ஒட்டித் தாராவி. நடந்தே செல்லக்கூடிய தூரமெனினும் மாதுங்காவின் ஒரு கூடத்தில் தாராவியின் இரண்டு வீடுகள் அடங்கும். பத்தடிக்குப் பத்தடி, பத்தடிக்குப் பதினைந்தடி என்ற அளவில்தான் இங்கு வீட்டைச் சொல்கிறார்கள். பழங்காலத்தில் இது கோலிகள் என்னும் மீனவர் வாழ்ந்த ஊர். சதுப்பு நிலத்தைக் குப்பையாலும் மண்ணாலும் தூர்த்துப் பிற்காலத்தவர் குடியேறினர். சௌராஷ்டிரத்துக் குயவர் ஒரு பக்கம் சூளை வைத்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தோல் பதனிடும் தொழிலில் இறங்கினர். பெரிய மசூதி 1887இலும் கணேசர் கோயில் 1913இலும் எழுந்தன. இன்று சுமார் 2.4 சதுரக் கிலோமீட்டரில் வாழ்வோர் 6 லட்சத்துக்கு மேல் என்பர் சிலர். 10 லட்சம் என்பர் சிலர்.

பதின்மூன்றாம் காம்பவுண்டு என்ற பகுதிக்குச் சென்றால் மாநகரம் வேண்டாமென்று எறிந்தவை எல்லாம் அங்கே வந்து சேர்வதைக் காணலாம். பிளாஸ்டிக் வாளிகளும் பொம்மைகளும் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, நொறுக்கப்பட்டு, கழுவி உலர்த்தப்பட்டு, உருக்கப்பட்டுச் சிறு மணிகளாகி வெளியேறுகின்றன. எண்ணெய்த் தகரங்கள் வெந்நீரில் கழுவப்பட்டு நசுங்கல் நீங்கி மீண்டும் எண்ணெய்க் கடைக்குச் செல்கின்றன. ஒருவருக்குப் பயன்படாத பொருள் உலகத்துக்கே பயன்படாதது ஆகிவிடாது என்பதைத் தாராவித் தொழிலாளி நாள்தோறும் தன் கையால் மெய்ப்பிக்கிறான்.

ஆயினும் தாராவிக் குடும்பங்களும் பொருளைச் சேர்த்தே வைத்திருந்தன. 2005 ஜூலை 26ஆம் நாள் அவற்றைச் சோதித்தது. அன்று சாந்தாக்ருசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு கரைபுரண்டது. மராட்டிய மாநிலமெங்கும் அவ்வெள்ளத்தில் ஆயிரம் பேருக்கு மேல் மாண்டனர். தாராவியின் தாழ்ந்த சந்துகளில் கட்டிலும் அரிசி மூட்டையும் தொலைக்காட்சிப் பெட்டியும் மிதந்தன. அந்த இரவைக் கண்ட ஒரு மூதாட்டி நம்மிடம் கூறியது இது:

“தண்ணி இடுப்புக்கு வந்துட்டு ஐயா. பொட்டியத் தூக்கவா, பிள்ளையத் தூக்கவான்னு யோசிக்க நேரம் ஏது? பேரப்பிள்ளைய இடுக்கிக்கிட்டு ஏணியில ஏறிட்டேன். பொட்டி போச்சு. நாலு நாள் அழுதேன். அப்புறம் பாத்தா, வீட்டுக்குள்ள கால நீட்டிப் படுக்க இடம் இருக்கு. முப்பது வருசமா அந்தப் பொட்டிக்குத்தான் வாடகை கொடுத்திருக்கேன்னு தோணிச்சு.”

பெட்டி போனதற்காக வருந்தாத அதே மூதாட்டி, பெட்டிக்குள் இருந்த ரேஷன் கார்டு கூழாகிப் போனதற்காக இன்றும் வருந்துகிறார். இவ்விஷயத்தை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். புதிய திட்டத்தில், 2000 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன்னிருந்தே தரைத்தள வீட்டில் வாழ்ந்ததற்குச் சான்று காட்டுவோருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு விலையின்றி வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. பிற்பாடு வந்தோருக்கும் மாடியில் குடியிருப்போருக்கும் விதிகள் வேறு. அவர்கள் தாராவிக்கு வெளியே செல்ல நேரிடும். ஆக, ஒரு குடும்பம் இந்த மண்ணில் நிற்பதும் அகல்வதும் ஒரு பழுப்பேறிய காகிதத்தைப் பொறுத்திருக்கிறது. பாத்திரத்தை விடலாம், கட்டிலை விடலாம். பழைய ரேஷன் கார்டு, மின்கட்டணச் சீட்டு, வாக்காளர் பட்டியலில் பெயருள்ள பக்கம், பள்ளிச் சான்று ஆகியவற்றை விடலாகாது. அவற்றை நீர்புகாத உறையிலிட்டு, பிரதி எடுத்து, ஊரிலுள்ள உறவினரிடமும் ஒரு பிரதி கொடுத்து வைக்கவேண்டும். பரணை ஒழிக்கும் உற்சாகத்தில் பழங்காகிதம் என்று எடைக்குப் போட்டுவிட்டுப் பின்னர் அலைவோரை நாம் கண்டிருக்கிறோம்.

2020ஆம் ஆண்டு வந்த துன்பம் வேறு வகையானது. மார்ச் 24 இரவு அறிவிப்பு வந்தது. மறுநாள் நாடே அடைபட்டது. ஏப்ரல் 1ஆம் நாள் தாராவியில் கொரோனா நோயாளி முதன்முதலாகக் கண்டறியப்பட்டார். ஒருவரையொருவர் உரசாமல் நடக்க இயலாத சந்துகளில், பொதுக் கழிப்பிடத்தை நம்பி வாழும் மக்களிடையே நோய் எப்படிப் பரவுமோ என்று உலகமே அஞ்சிற்று. மாநகராட்சி ஊழியரும் மருத்துவரும் வீடுவீடாகச் சென்று சோதித்தனர்; பள்ளிக்கூடங்களும் விளையாட்டு அரங்கமும் தனிமை முகாம்களாயின. ஜூலை 10ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர் நோயை அடக்கிய இடங்களுள் ஒன்றாகத் தாராவியையும் எடுத்துக் கூறினார்.

அதற்குள் நம்மவர் பலர் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு வாடகைப் பேருந்துகளிலும் சிறப்பு இரயில்களிலும் நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து ஊர்களுக்குத் திரும்பியிருந்தனர். தாராவியிலிருந்து விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தைத் தலையில் ஏந்தி நகரெங்கும் விற்றுவரும் தொழிலாளரை நேயர் அறிவர். வியாபாரம் நின்றதும் அவர்களுள் சிலர் இட்லிக் கொப்பரையையும் மாவரைக்கும் இயந்திரத்தையும் விற்று வாடகை கொடுத்தார்கள். வேறு சிலர் கட்டில், பீரோ, கைக்கடிகாரம் ஆகியவற்றை விற்று, கொப்பரையை அண்டை வீட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு ஊர் சென்றார்கள். பொதுமுடக்கம் தளர்ந்து திரும்பி வந்தபோது பின்னவர் மறுவாரமே அடுப்பு மூட்டினார்கள். முன்னவர் கந்துவட்டிக்கு வாங்கித் தொழிலைத் தொடங்கினார்கள். கைத்தொழிற் கருவியைக் கடைசியாக விடுக. பார்வைக்கு வைத்ததை முதலில் விடுக. இதனினும் சுருக்கமான பொருளாதார நூல் நமக்குக் கிட்டவில்லை.

நகையைப் பற்றியும் இவ்விடத்தில் ஒரு சொல். அடகுக் கடையில் நகையை வைத்து 1 லட்சம் ரூபாய் வாங்கி, மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி கட்டுகிறவர் ஆண்டுக்கு 24,000 ரூபாய் செலுத்துகிறார். நான்கு ஆண்டும் இரண்டு மாதமும் கழிந்தால் வட்டியே 1 லட்சம் ஆகிவிடும். அசல் அசையாமல் இருக்கும். மீட்கும் வழி கண்ணுக்குத் தெரிந்தால் அடகு வைக்கலாம். தெரியாதபோது, மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு சங்கிலியை விற்றுக் கடனை முடித்துவிடுவதே எஞ்சிய நகைகளைக் காக்கும் வழி. ‘அம்மா போட்ட சங்கிலி’ என்று வட்டி கட்டிக் கட்டி, முடிவில் சங்கிலியையும் பணத்தையும் ஒருங்கே இழந்த வீடுகள் பல.

தனியே இறக்க முடியாத சுமை

இதுவரை கூறியவை பொருள்கள். பொருளை ஒரு குடும்பம் தானே தீர்மானித்து விட்டுவிடலாம். கடப்பாடு அத்தகையதன்று.

தாராவியில் வாழும் ஒரு நெல்லைக் குடும்பத்தின் ஓராண்டுக் கணக்கை எண்ணிப் பாருங்கள். ஊர் அம்மன் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி அனுப்பவேண்டும். இங்குள்ள கோயிலுக்கும் வரி உண்டு. அக்காள் மகள் பூப்பெய்தினால் தாய்மாமன் சீர். தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் பாத்திரம். மாதச் சீட்டு. இவற்றின்மேல் மொய்.

மொய்யை வெறும் ஆடம்பரம் என்று சிலர் பழிப்பார்கள். அது முழு உண்மையன்று. வங்கி ஏழையை வாயிற்படியில் நிறுத்திய காலத்தில், வட்டியில்லாமல் ஊரார் கூடிக் கொடுத்த கைமாற்று அது. ஒரு வீட்டில் திருமணம் வந்தால் நூறு வீடுகள் தோள் கொடுத்தன. நோட்டில் பெயரும் தொகையும் எழுதப்பட்டன. அவரவர் வீட்டு விசேஷத்தில் அத்தொகை திரும்பிச் சென்றது. கெட்டது எங்கே என்றால், 501 எழுதியவருக்கு 1,001 எழுதவேண்டும் என்ற போட்டி புகுந்ததில். மேலும், வாங்கிய மொய்யைத் திருப்ப இயலாதவர் அழைப்பிதழ் வந்த நாளிலிருந்தே தெருவில் தலைகுனிந்து நடப்பதில். வேலை போன வீட்டில் அழைப்பிதழைக் கண்டு மகிழ்ச்சிக்குப் பதில் அச்சம் தோன்றுமானால், தோள் கொடுக்கப் பிறந்த வழக்கம் தோளில் ஏறி அமர்ந்துவிட்டது என்றே பொருள்.

இச்சுமையைத் தனி ஒருவர் இறக்க முற்பட்டால் என்ன ஆகும்? ‘வாங்கும்போது இனித்தது, கொடுக்கும்போது கசக்கிறதா?’ என்று கேட்பார்கள். அக்கேள்வி நியாயமானதே. கடன்பட்டவன் தானாகக் கடனை விட்டேன் என்று சொல்ல முடியாது, அது ஏமாற்று. விடுவிக்கும் உரிமை கொடுத்தவன் கையில்தான் இருக்கிறது. ஆகையால் கஷ்டகாலத்தில் முதலில் பேச வேண்டியவர்கள் வசதியுள்ளவர்கள். ‘உங்கள் வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும், எங்கள் வீட்டுக்கு நீங்கள் வெறுங்கையோடு வந்து வாழ்த்தினால் போதும்’ என்று இருப்பவர் முன்வந்து சொன்னால், இல்லாதவர் மானம் கெடாமல் மூச்சுவிடுவார்.

ஊர் முழுவதும் ஒன்றாக இசையும்போது இது எவ்வளவு எளிதாகிறது என்பதையும் நாம் கண்ணாரக் கண்டோம். 2020இல் திருமணத்துக்கு 50 பேர், இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்று அரசாங்கம் வரம்பு கட்டிற்று. இறுதிச் சடங்குக்கு இட்ட வரம்பு பல நெஞ்சங்களைப் புண்படுத்திற்று. இழந்தவர்க்குத் தோள் தேவை. அங்கே கூட்டம் சுமையன்று. திருமணத்துக்கு இட்ட வரம்போ எத்தனையோ பெற்றோரைக் கடனிலிருந்து காத்தது. அழைக்கவில்லை என்று யாரும் கோபிக்கவில்லை. பந்தி பெரிதில்லை என்று யாரும் இகழவில்லை. மணமக்கள் குறைவாக வாழ்ந்துவிடவும் இல்லை. கட்டுப்பாடு நீங்கியதும் பந்தலும் பதாகையும் முன்னிலும் பெருகின. சட்டம் வலிந்து கற்பித்த நன்மையை நாமே விரும்பிக் கடைப்பிடிக்கலாகாதா?

முன்னோர் இவ்வாறு செய்ததற்குச் சான்றுகள் உள்ளன. 1965இல் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது லால்பகதூர் சாஸ்திரியார் வாரம் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு நாட்டு மக்களை வேண்டினார். உணவுச்சாலைகள் பல திங்கட்கிழமை மாலையில் கதவடைத்தன. எல்லாரும் ஒன்றாக விட்டதால் எவருக்கும் அது இழிவாகத் தோன்றவில்லை. தமிழகத்தில் 1920களின் இறுதியிலிருந்து பெரியாரின் இயக்கத்தார் புரோகிதரும் பெருஞ்செலவும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களை நடத்தினர். சட்டம் அவற்றை ஏற்காத காலத்திலும் ஆயிரக்கணக்கானோர் துணிந்து அவ்வாறு மணந்தனர். அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் இயற்றப்பட்ட சட்டத் திருத்தம் அத்திருமணங்களைச் செல்லுபடியாக்கிற்று. முன்னர் நடந்தவற்றுக்கும் அது பொருந்திற்று. ஒருவர் செய்தால் விபரீதம். ஆயிரம் பேர் செய்தால் வழக்கம். பிறகு அதுவே சட்டம்.

செம்பூருக்கு அப்பால்

சயானிலிருந்து டிராம்பே செல்லும் சாலையில் பேருந்து ஏறினால் செம்பூர் வரும். 1947இல் நாடு பிரிந்தபின் சிந்து மாகாணத்திலிருந்து ஓடிவந்த அகதிகளுக்கு இங்கே முகாம் அமைத்தார்கள். வீடும் நிலமும் கடையும் விட்டு, கையில் எடுத்ததோடு வந்த மக்கள் அவர்கள். 1950களில் மாஹூலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், டிராம்பேயில் அணுசக்தி நிலையமும் எழுந்தன. வேலை தேடித் தமிழரும், மாதுங்காவில் இடம் போதாத குடும்பங்களும் செம்பூருக்கு வந்தனர். சேடா நகர் முருகன் கோயிலுக்கு இன்று வரும் கூட்டத்தைக் கண்டால், இவ்வூர் ஒரு காலத்தில் நகரின் எல்லைக்கு வெளியே கிடந்தது என்று நம்புவது அரிது.

செம்பூரைத் தாண்டிச் சாலையின் கோடிக்குச் சென்றால் சீத்தா கேம்பு என்னும் குடியிருப்பு இருக்கிறது. தமிழ்க் குரல் தெருவெங்கும் கேட்கும். அங்குள்ள முதியோர் பலர் முன்பு ஜனதா காலனி என்ற இடத்தில் வாழ்ந்தவர்கள். அணுசக்தி நிலையத்தாருக்கு நிலம் வேண்டுமென்று அவர்களை அகற்ற முயன்றார்கள். பல ஆண்டுகள் எதிர்த்து நின்றும் பயனில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில், சுமார் 70,000 மக்கள் போலீசார் சூழ அப்புறப்படுத்தப்பட்டார்கள்.

அப்போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் கோலார் தங்கவயலில் பிறந்து, இளமையில் பம்பாய்க்கு வந்து, கூரையில்லாமல் தெருவில் உறங்கி வளர்ந்த ஜோக்கின் அற்புதம் என்ற தமிழர். ஜனதா காலனியில் குப்பை அள்ள ஆள் வராத காலத்தில் அவர் சிறுவர்களைத் திரட்டி, ஆளுக்குச் சிறிது குப்பையைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துச்சென்று மாநகராட்சி அலுவலக வாயிலில் கொட்டச் செய்தார். எவருடைய சுமையை எவர் சுமக்கிறார் என்பதை இதனினும் தெளிவாக எப்படி எடுத்துக்காட்டுவது? காலனி இடிபட்டபின்னும் அவர் ஓயவில்லை. தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பைக் கட்டினார். 1980களில் நடைபாதைப் பெண்கள் அமைத்த மகிளா மிலன் சேமிப்புக் குழுக்களோடு இணைந்து உழைத்தார். அம்முறை பல நாடுகளுக்குப் பரவிற்று. 2000இல் மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீயும் அவரை நாடி வந்தன. 2018 அக்டோபரில் மறைந்தார்.

ஜனதா காலனி மக்கள் இழந்தது சிறிதன்று. அதைத் துறவு என்று புகழ்வது கொடுமையாகும். பறிக்கப்பட்டதற்கும் விடுவதற்கும் வேற்றுமை உண்டு. பறிப்பவன் நாளும் நேரமும் குறிக்கிறான். விடுகிறவன் தானே தேர்ந்தெடுக்கிறான். ஆனால் வீடுகள் போனபின்னும் அம்மக்களுக்கு மிஞ்சிய ஒன்றைக் குறிப்பிடவேண்டும். ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் உறவு மிஞ்சிற்று. மகிளா மிலன் பெண்கள் நாளொன்றுக்கு ஓரிரு ரூபாயாகச் சேர்த்ததும் அதே உறவின் பலத்தில்தான். அதில் போட்டி இல்லை, பதாகை இல்லை, இயன்றவர் இட்டனர், இயலாத நாளில் இடாதிருந்தனர். மொய் நோட்டு முதன்முதலில் எதற்காகத் தோன்றிற்றோ அதே பணியை அந்தச் சிறு சேமிப்புப் புத்தகம் அச்சமின்றிச் செய்தது.

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை

நம் மக்கள் வாழும் ஒவ்வொரு பகுதியிலும் சங்கங்கள் உள்ளன. கோயில் கமிட்டிகள் உள்ளன. மாதர் குழுக்கள் உள்ளன. வீடு மாறும் இந்தக் காலத்தில் அவை சில எளிய காரியங்களை மேற்கொள்ளலாம்.

ஆண்டுக்கு இருமுறை பொங்கலுக்கு முன்னும் பள்ளி திறக்குமுன்னும் ஒரு நாளைக் குறித்து, பயன்படாத பாத்திரம், பாடநூல், துணி, தையல் இயந்திரம் ஆகியவற்றைச் சங்கக் கூடத்தில் கொண்டுவந்து வைக்கச் சொல்லலாம். தேவையுள்ளவர் எடுத்துச் செல்லலாம். கொடுத்தவர் பெயரையும் எடுத்தவர் பெயரையும் எழுதக் கூடாது.

ஒரு மாலை நேரம் படித்த இளைஞர்கள் அமர்ந்து, தாராவிக் குடும்பங்களின் சான்றுக் காகிதங்களைப் பார்த்து, பிரதி எடுத்து, குறையுள்ளவற்றைச் சுட்டிக்காட்டலாம். எவற்றை எறியலாம் என்று கூறுவதற்கு முன் எவற்றை எறியக்கூடாது என்று கூறுவது நம் கடமை.

மூன்றாவதாக, மொய்யைப் பற்றிப் பொதுக்கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசலாம். வாங்கியதைக் கூட்டாமல் வாங்கியபடியே திருப்புவது. வேலையிழந்த, நோயுற்ற, வீடிழந்த குடும்பத்தை அவ்வாண்டுக் கணக்கிலிருந்து விலக்கி வைப்பது. அழைப்பிதழிலேயே ‘மொய்யும் பரிசும் வேண்டா’ என்று வசதியுள்ளோர் அச்சிடுவது. இம்மூன்றையும் பத்து வீட்டார் தொடங்கினால் பதினோராம் வீட்டுக்காரர் துணிவு பெறுவார்.

பெற்றோருக்கு ஊருக்கு அனுப்பும் மாதப்பணத்தையும், பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்தையும், அண்டை வீட்டில் துக்கம் நேர்ந்தால் சென்று நிற்பதையும் இறக்கி வைக்கத்தக்க சுமைகளென்று எவரும் கருதிவிடலாகாது. பந்தலைக் குறைக்கச் சொல்வதே இவற்றைக் காப்பதற்காகத்தான். மகளின் சடங்குக்கு நூறு நாற்காலி போட்டுவிட்டு, ஊரிலுள்ள தாய்க்கு அந்த மாதம் பணம் அனுப்பாத மகனை நாம் அறிவோம், அவன் கெட்டவனல்லன், நாற்காலிகளை எண்ணும் கண்களுக்கு அஞ்சியவன். அந்தக் கண்கள் நம்முடையவை.

சாலையோரத்துச் சுமைதாங்கியை வழிப்போக்கன் தானே நட்டுக்கொண்டதில்லை. ஊரார் நட்டார்கள், முன்பின் அறியாத எவனோ ஒருவன் வந்து தலைச்சுமையை இறக்கட்டும் என்று நட்டார்கள். மும்பையில் அத்தகைய கல் நடுவதற்குத் தெருவில் இடமில்லை. அழைப்பிதழின் அடியில் ஒரு வரி அச்சிட இடம் இருக்கிறது. வருகின்ற தை மாதத்துத் திருமணங்களுக்கு அழைப்பிதழ் அடிக்கக் கொடுக்கும் அன்பர்கள் அவ்வரியைச் சேர்ப்பார்களாக.